கரடி கட்டில் போட்ட இடம்

கதவு எண் ஒன்றுதான், குடும்பம் இரண்டு. மாடியில் அண்ணன் வீடு, கீழே தம்பி வீடு. அண்ணன் ஏசி மெக்கானிக். தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் டீச்சருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. குடும்பமாகச் சேர்ந்து படிக்க வீட்டுக்கு ஒரு புத்தகம் என்று பள்ளியில் புதிதாக ஒரு ஏற்பாடு. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே முகவரி இருப்பதைப் பார்த்த டீச்சர், அண்ணன் மகளின் கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்து, "இது உனக்கும் உன் தம்பிக்கும் சேர்த்து" என்று அனுப்பிவிட்டார்.

அண்ணன் மகளுக்குப் பத்து வயது. வீட்டில் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று யாராவது சொன்னால்கூட "அதுக்கு என்ன ஆதாரம்?" என்பாள். டீச்சர் 'தம்பி' என்று சொன்னது அவளுடைய சித்தப்பா மகனை. ஐந்து வயது. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் என்று எங்கே சந்து கிடைத்தாலும் பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போய்விடுவான். அதனால் அவனுக்குப் பெயர் நண்டு.

பையில் ஒரு படப்புத்தகமும் ஓர் அட்டையும் இருந்தன. 'எல்லாரும் சேர்ந்து படியுங்கள். கதையில் வருகிற ஏதாவது ஒன்றை வீட்டில் செய்து பாருங்கள்' என்று அட்டையில் எழுதியிருந்தது.

எல்லாரும் சேர்ந்து என்பதில்தான் சிக்கல். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம். அண்ணன் அதில் பழைய ஏசிப் பெட்டிகள், மின்விசிறி இறக்கைகள், சுருட்டிய செம்புக் குழாய்கள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார். தம்பிக்கு அங்கே ஸ்கூட்டரை நிறுத்த ஆசை. மழைக்காலத்தில் ஒருநாள் நனைந்துபோன ஸ்கூட்டர் உதைத்த உதைக்கெல்லாம் அசையாமல் நிற்க, தம்பி டியூட்டிக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினார். திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்று, "இது வீடா, இல்ல பழைய இரும்புக் கடையா?" என்றார்.

"கடைன்னு தெரியுதில்ல? அப்புறம் கடைக்குள்ள எதுக்கு வர்றே?" என்றார் மாடியிலிருந்து அண்ணன்.

அவ்வளவுதான். மழைக்காலம் முடிந்து வெயில் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஆனால் ஒரே தண்ணீர் மோட்டார், ஒரே வாசல் விளக்கு என்று ஆகிவிட்ட வீட்டில் பேசாமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது? அதனால் பிள்ளைகள் வழியாகப் பேசினார்கள். இரண்டு பேரும் அடுத்தடுத்து நின்றுகொண்டே, "நண்டு, உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, மோட்டார் போட்டாச்சு" என்பார் தம்பி. "வக்கீலு, உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, காது கேக்குது" என்பார் அண்ணன்.

ஓரகத்திகள் இருவரும் அப்படி இல்லை, நல்ல ஒட்டு. பெரியவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். சின்னவள் ஒரு பேக்கரியில் அதிகாலையில் போய் ரொட்டி சுட்டுவிட்டு மதியம் வீடு திரும்புவாள். சண்டை போட வேண்டிய நாங்கள் சும்மா இருக்கிறோம், கூடப் பிறந்ததுகள் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறதே என்று அவர்களுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல்.

புத்தகம் வந்த அன்று மாலை படிக்கட்டில் பெரிய ரகளை.

"டீச்சர் என் கையிலதான் குடுத்தாங்க. அதனால மாடியிலதான் படிக்கணும்" என்று வக்கீல் பையின் ஒரு காதைப் பிடித்து மேலே இழுத்தாள்.

"எனக்கும் சேத்துத்தான் குடுத்தாங்க! கீழ!" என்று நண்டு இன்னொரு காதில் தொங்கினான்.

கடையிலிருந்து அப்போதுதான் வந்த பெரியவள் இருவருக்கும் நடுவே ஏற வழியில்லாமல் நின்றாள். கால் வலி வேறு. "மேலயும் வேணாம், கீழயும் வேணாம். இங்கயே உக்காருங்க" என்று நடுப்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தை வாங்கினாள். சத்தம் கேட்டுச் சின்னவளும் வந்து இரண்டு படி கீழே அமர்ந்தாள். அவள் தலைமுடியில் மாவு அப்படியே இருந்தது. டியூட்டிக்குக் கிளம்ப இன்னும் நேரமிருந்ததால் தம்பி கைப்பிடியில் சாய்ந்து நின்றார். அண்ணன் மட்டும் மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நன்றாக இருந்த ஏசி ரிமோட் ஒன்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

கதை ஒரு கரடியைப் பற்றியது. அதன் குகைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. குகையை விட்டுக் கிளம்பிய கரடிக்குக் கட்டிலை விட மனம் வரவில்லை. முதுகில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. மாவு மில்லில் படுத்தால் சத்தம். பாலத்துக்கு அடியில் படுத்தால் தவளைக்கூட்டம் விடிய விடியப் பாட்டுப் பாடியது. கட்டிலைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணிக்கூண்டில் ஏறிப் படுத்தால், அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"டங்ங்ங்!" என்று பெரியவள் படித்த படிப்பில் நண்டு படியிலிருந்து நழுவியே விட்டான்.

"கட்டிலைக் காலைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. மூட்டு விட்டுப்போகும்" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. ரிமோட்டைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கதை சூடு பிடித்தது. 'கடைசியில் கரடி ஓர் இடத்தைக் கண்டது. அதைப் பார்த்ததும் அதற்கு' என்று படித்துப் பக்கத்தைப் புரட்டிய பெரியவள் நின்றுவிட்டாள். அடுத்துப் பின்னட்டைதான். கடைசித் தாளை யாரோ கிழித்திருந்தார்கள்.

"அதுக்கு?" என்றான் நண்டு.

"அவ்வளவுதான்டா கண்ணா. பக்கம் இல்ல."

"அதுக்கு என்ன ஆச்சு? பெரியம்மா, அதுக்கு என்ன ஆச்சு?" நண்டின் உதடு பிதுங்கியது. கரடி இன்னும் கட்டிலைச் சுமந்துகொண்டே நிற்கிறது என்ற நினைப்பை அவனால் தாங்க முடியவில்லை. அன்று சாப்பாடு அரை வயிறுதான் இறங்கியது.

மறுநாள் பெரியவள் கடையிலிருந்து ஒரு கழிவு லென்ஸைக் கொண்டுவந்தாள். உருப்பெருக்கும் லென்ஸ். கிழிந்த இடத்தில் தையலோடு ஒட்டி நூல் அகலத்துக்குத் தாள் மிச்சமிருந்தது. வக்கீல் வயிற்றுப்புறமாகப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆராய்ந்தாள்.

"நீலம்" என்று தீர்ப்புச் சொன்னாள். "கீழ இருந்து மேல வரைக்கும் நீலம். தண்ணி! கரடி கட்டிலைப் படகா விட்டுருச்சு."

"கட்டில் மிதக்குமா அக்கா?" என்றாள் சின்னவள்.

"செஞ்சு பாத்துருவோம்" என்றார் தம்பி. அட்டையிலும் அப்படித்தானே போட்டிருக்கிறது.

ஐஸ் குச்சிகளை ஒட்டிக் குட்டிக் கட்டில் ஒன்று தயாரானது. கடைசிப் படிக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கரடிக்குப் பதிலாக ஒரு கூழாங்கல். தம்பி கட்டிலை மெதுவாகத் தண்ணீரில் விட்டுக் கல்லை ஏற்றினார். கட்டில் ஒரு பக்கம் சரிந்து, கரடி தொபுக்கென்று அடியில் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் முறையும் அதே கதிதான்.

மாடி வாசலில் அண்ணன் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"நண்டு, உங்கப்பாகிட்ட சொல்லு, கல்லை நடுவுல வைக்கணும்."

"வக்கீலு, உங்கப்பாகிட்ட சொல்லு, நடுவுலதான் வெச்சிருக்கேன்."

"நண்டு, அது நடு இல்லைன்னு சொல்லு. தலைமாட்டுப் பக்கம் குச்சி கூட இருக்கு, அங்க பாரம் அதிகம். கல்லு கால்மாட்டுப் பக்கம் தள்ளி இருக்கணும்."

"யார் பக்கம் திரும்பிச் சொல்றதுன்னே தெரியல. எனக்குக் கழுத்து வலிக்குது!" என்றான் நண்டு.

ஓரகத்திகள் இருவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். தம்பி கல்லைக் கொஞ்சம் கால்மாட்டுப் பக்கம் நகர்த்தி வைத்தார். கட்டில் ஆடாமல் மிதந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணன் அதற்குள் உள்ளே போய்விட்டார்.

நண்டு மட்டும் படகை ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரி தூக்கத்தில் புரண்டால் கரடி தண்ணீரில் விழுந்துவிடும் அல்லவா? அவன் தனியாக ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

"கரடி நம்ம வீட்டுக்குத்தான் வந்திருக்கு. மாடிப்படிக்குக் கீழ."

"ஆதாரம்?" என்றாள் வக்கீல்.

"அங்க மழை வராது. மணி அடிக்காது. தவளை இல்ல. இருட்டா இருக்கு, தூக்கம் வரும்."

வக்கீலே கொஞ்சம் அசந்துபோனாள். பிறகு, "அங்க ஏதுடா இடம்? எங்கப்பா சாமான்தானே ரொம்பிக் கிடக்கு" என்றாள்.

படிக்கட்டில் இருந்த பெரியவர்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சின்னவள் மட்டும், "சரி சரி, சாப்பிட வாங்க" என்று எழுந்தாள்.

விடுமுறை நாள் காலையில் அது நடந்தது. சின்னவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தம்பி முந்தைய நாள் இரவு டியூட்டி முடிந்து வந்து படுத்திருந்தார். அப்போது படிக்கட்டுப் பக்கமிருந்து இரும்பு உரசும் சத்தமும், பின்னாலேயே நண்டின் குரலும் கேட்டன. அழுகை இல்லை. யாரையோ விசாரிக்கிற மாதிரி, "அம்மா, என் சட்டை வர மாட்டேங்குது" என்றது குரல்.

நண்டு ஏசிப் பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து கடைசி மூலை வரை போயிருந்தான். திரும்பி வரும்போது சட்டை ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டது. அவன் இழுத்த இழுப்பில், மேலே அடுக்கியிருந்த பெரிய பெட்டி நகர்ந்து அவன் தலைக்கு மேல் சாய்ந்து நின்றது. கீழே இருந்த செம்புக் குழாய்ச் சுருள் ஒன்றுதான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

தம்பி ஓடி வந்தார். எத்தனையோ விபத்துகளைப் பார்த்த மனிதர். குரலை உயர்த்தவில்லை. "நண்டு, அப்பா வந்துட்டேன். அசையாத. கையைக் காலை ஆட்டாத. பொம்மை மாதிரி இரு, என்ன?" என்று சொல்லிக்கொண்டே முன்னால் இருந்த பெட்டியில் கை வைத்தார்.

"அதைத் தொடாதடா!"

அண்ணன் படியில் இரண்டிரண்டாக இறங்கி வந்தார். "அதை எடுத்தா மேல உள்ளது விழுந்துரும். இந்தப் பக்கம் கம்ப்ரெசர் இருக்கு, பாரம் முழுக்க இங்கதான். நான் தூக்கிப் பிடிச்சுக்கறேன். நீ பிள்ளையை எடு."

"உன்னால தனியாத் தூக்க முடியாதுண்ணா."

"தூக்குவேன். நீ போ."

அண்ணன் தோளைக் கொடுத்துப் பெட்டியை நிமிர்த்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. தம்பி தரையோடு தரையாகப் படுத்து உள்ளே போய், கொக்கியில் இருந்த சட்டையைக் கிழித்து, மகனை இழுத்து வெளியே எடுத்தார். உடனே எழுந்து, "விடாதண்ணா, விரல் மாட்டும். இரு, நானும் பிடிக்கறேன்" என்று மறுபக்கம் தோளைக் கொடுத்தார். இருவருமாகப் பெட்டியை வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

தம்பி மகனைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. உடம்பெல்லாம் எண்ணெய்க் கறை. கையில் அவன் அம்மாவின் தையல் டேப்.

"உள்ள எதுக்குடா போனே?" என்றாள் சின்னவள். அவளுக்கு இப்போதுதான் அழுகை வந்தது.

"கரடிக்கு இடம் அளந்தேன்" என்றான் நண்டு. "கொஞ்சம்தான் பத்தல."

அண்ணன் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்தார். "நான் அப்பவே எடுத்திருக்கணும்" என்றார் யாரையும் பார்க்காமல். "நீ சொன்ன அன்னைக்கே எடுத்திருக்கணும்டா."

'நான்தான் சொன்னேனே' என்று கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தம்பி கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடிண்ணா. மூச்சு வாங்குது பாரு."

அண்ணன் குடித்தார். மீதியைத் தம்பி குடித்தார். வக்கீல் மாடிப்படியின் உச்சியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இப்ப நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிட்டீங்க" என்றாள். "நான் சாட்சி."

"போடி வக்கீலு" என்றார் இருவரும் ஒரே நேரத்தில்.

மதியத்துக்குள் இடம் காலியானது. பாதிச் சாமான் அண்ணன் வேலை செய்யும் பட்டறைக்குப் போனது, பாதி பழைய இரும்பு எடுக்கிறவரின் வண்டியில் ஏறியது. சின்னவள் தரையைத் தேய்த்துக் கழுவினாள். பெரியவள் பழைய மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். அண்ணன் சின்ன விளக்கு ஒன்றையும், யாருக்கும் உதவாது என்று கிடந்த குட்டி மின்விசிறியையும் மாட்டினார். தம்பி நாற்காலி பிடித்தார். அவர் பிடித்த விதம் சரியில்லை என்று அண்ணன் நேருக்கு நேராகவே திட்டினார். தம்பிக்கு அது இனிமையாக இருந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் இருந்தது.

சாயங்காலம் எல்லாரும் அந்த மெத்தையில் நெருக்கியடித்து உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை வரைந்தார்கள். கரடியை வக்கீல் வரைந்தாள். கட்டிலை அண்ணன் ஸ்கேல் வைத்து, எந்தக் கால் எத்தனை அங்குலம் என்று குறித்து வரைந்தார். சின்னவள் கரடியின் பக்கத்தில் ஒரு ரொட்டி வைத்தாள். பெரியவள் அதற்கு மூக்குக் கண்ணாடி போட்டுவிட்டாள். தம்பிக்குப் படம் வரைய வராது. 'அதைப் பார்த்ததும் அதற்கு' என்று நின்றுபோன வரியை அவர் முடிக்க வேண்டும் என்று முடிவானது. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்து, 'கொட்டாவி வந்தது' என்று எழுதினார். நண்டுக்கு அந்த வரி அவ்வளவு பிடித்துப்போய், உடனே ஒரு கொட்டாவி விட்டான்.

திங்கட்கிழமை வக்கீலும் நண்டும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். கிழிந்த பக்கத்தைக் கண்ட டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, நான் பாக்கவே இல்லையே! இன்னொரு பிரதி இருக்கு, இருங்க" என்று அலமாரியில் தேடி எடுத்து, கடைசிப் பக்கத்தைக் காட்டினார்.

உண்மையான முடிவில் கரடி ஒரு மலையுச்சியில், திறந்த வெளியில் கட்டிலைப் போட்டு, நட்சத்திரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தது. நீலமாக இருந்தது தண்ணீர் அல்ல, போர்வை. கட்டிலிலிருந்து வழிந்து, பக்கம் முழுவதும் விரிந்த பெரிய நீலப் போர்வை.

"போர்வையா!" என்றாள் வக்கீல். தன் வாதம் தோற்றதில் அவளுக்கு வருத்தம் இல்லை. உண்மை தெரிந்ததில் முகம் மலர்ந்திருந்தது.

நண்டு படத்தை உற்றுப் பார்த்தான். "மழை பெஞ்சா?" என்றான்.

டீச்சர் யோசித்தார். "போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கும்."

"போர்வை நனையும்" என்றான் நண்டு. "டீச்சர், எங்க வீட்ல வந்து பாருங்க. எங்க இடம்தான் நல்ல இடம்."

தாங்கள் வரைந்த பக்கத்தை அவன் எடுத்துக் காட்டினான். மூக்குக் கண்ணாடி போட்ட கரடியையும், அளவு குறித்த கட்டிலையும் டீச்சர் நெடுநேரம் பார்த்தார். கிழிந்த புத்தகத்தை இனி அலமாரியில் வைக்க முடியாது என்று சொல்லி, அதை அவர்களிடமே கொடுத்துவிட்டார். வேறொரு புத்தகத்தையும் பையில் போட்டு அனுப்பினார். இந்த முறை நண்டே எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்கினான்.

ஸ்கூட்டர் இன்னும் வெளியில்தான் நிற்கிறது. அந்த இடத்தைப் பிள்ளைகள் விடுவதாக இல்லை. அண்ணன் ஸ்கூட்டருக்குத் தடித்த உறை ஒன்று தைத்து வாங்கி வந்தார். தம்பி அதைப் போட்டு மூடும்போதெல்லாம் முணுமுணுக்கிறார். ஆனால் சத்தமாக இல்லை.

புதிய புத்தகம் திமிங்கிலத்தைப் பற்றியது. அன்று பெரியவளுக்குக் கடையில் வேலை அதிகம், தொண்டை கட்டியிருந்தது. சின்னவள் அடுப்படியில் இருந்தாள். "அப்பா, நீங்க படிங்க" என்றாள் வக்கீல். மாடிப்படிக்குக் கீழே மெத்தையில் உட்கார்ந்திருந்த அண்ணன் தயங்கினார். இதுவரை அவர் சத்தமாகப் படித்தது கிடையாது. மின்விசிறியைச் சரிசெய்கிற மாதிரி எழுந்து, தப்ப வழியில்லாமல் மறுபடி உட்கார்ந்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏசி பொருத்தும் முறையைப் படிக்கிற மாதிரியே, நிறுத்தி நிறுத்தி, கவனமாகப் படித்தார். குட்டித் திமிங்கிலம் அம்மாவைத் தவறவிட்ட இடம் வந்ததும் குரல் மாறியது. நண்டு பெரியப்பாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனான். வக்கீல் வீட்டுப்பாடம் எழுத எழுந்து போனாள். தம்பி டியூட்டி முடிந்து வந்து குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, பிள்ளைங்கதான் கேக்கலையே. அப்புறம் யாருக்குப் படிக்கிறே?"

"சும்மா இருடா" என்றார் அண்ணன், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அது இன்னும் அம்மாவைக் கண்டுபிடிக்கல."

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். "சரி, முதல்ல இருந்து படி."